கிறுகும் இடம்

வெல்லாவெளியில், வயலோரக் காணி.
கல்லூரிக்குத் தாதியர் பயிற்சிக் கட்டடம்.
காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது:
ஆறடி நடை, செய்முறைக் கூடம்,
போன மாரியில் வெள்ளம் நின்ற கோட்டுக்கு
இரண்டடி மேலே தளம்.

பேரின்பநாயகி மிஸ்
வரைபடத்தை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.
"கட்டில் கிறுகுமா தம்பி, இந்த மூலையில?"
கிறுகும் என்றேன்.
"மண்டூர்ப் பாதையில ஒருக்கா
கிறுகேலாம நிண்டு போனது. அந்தப் பிள்ளைக்கு
இப்ப இருந்தா இருவது வயசு."

சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டோம்.
கன்ரீன் வாங்கில் சீமெந்து மூட்டை ஒன்று, நோயாளி.
நிதுஜா முன்னால், ரிஸ்மியா பின்னால்,
இன்னும் இரண்டு பிள்ளைகள்.
வெட்டவெளியில்
இல்லாத சுவரில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.
சப்பாத்தெல்லாம் வெள்ளை.

சுவரைக் காலால் அழித்தேன்.
தள்ளிப் போட்டேன். இன்னும் ஒரு முழம் என்றார்கள்.
வகுப்பறை சுருங்கியது.
எனக்குப் பிடித்த ஜன்னல் போனது.

மறுகா மூட்டையை இறக்கிவிட்டு
என்னைக் கிடக்கச் சொன்னார்கள்.
கிடந்தேன்.
முகில், ஒரு கொக்கு, மின்கம்பி,
கண்ணுக்குள் வெயில்.
வாசல் தாண்டியாச்சு என்று யாரோ சொன்னார்கள்;
எனக்கு வாசல் தெரியவில்லை.
பதினேழு தாளிலும்
கூரையை நான்
மேலே இருந்துதான் வரைந்திருக்கிறேன்.

"நோகுதா சேர்?" என்றாள் ரிஸ்மியா,
பாடத்தில் உள்ளபடி.

இல்லை என்று சொல்லக்
கொஞ்ச நேரம் எடுத்தது.