நடைக்கூலி

மூன்று நடை வரைக்கும் எழுபத்தைந்து டாலர்.
முதல் நடையிலேயே ஆள் கதவைத் திறந்துவிட்டாலும்
அதே எழுபத்தைந்துதான், திருப்பித் தர மாட்டேன்.
நாலாவது நடைக்குத் தனியாக இருபத்தைந்து.
டுலூத் எல்லை தாண்டினால் மைலுக்கு எழுபது சென்ட்.
காருக்குள் காத்திருக்க மணிக்கு நாற்பது,
இஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும்.
கொடுத்தேன் என்று நோட்டரி முன் சத்தியம் செய்யப் பத்து.
ஷெரிஃப் இதைவிடக் குறைவாக வாங்குவார்,
அவருக்கு அவசரம் கிடையாது.

ஆர்டிஸ் ஸ்கோக்ஸ்டாட் தலையாட்டாமல் கேட்டாள்.
பள்ளிக்கூட உணவறையில் கரண்டி பிடிப்பவள்,
அரைக் கரண்டி கூடினாலும் கைக்குத் தெரியும்.
இருபதுகளைத் தனியே, ஐந்துகளைத் தனியே
என் மேசையின் காபிக் கறையைச் சுற்றி அடுக்கினாள்.
"நானே நீட்டினா என்ன, மிஸ்டர் ஹாக்காலா?
இருபத்தொன்பது வருஷம் தட்டு நீட்டின கைதானே?"
செல்லாது என்றேன். வழக்குப் போட்டவர் கொடுக்கக் கூடாது.
அந்நியன் வேண்டும்.
அந்நியனாக இருப்பதற்குத்தான் அந்த எழுபத்தைந்து.

முதல் நடை, ப்ராக்டரில் அவன் தம்பி வீடு.
திரை அசைந்தது. நாய் குரைத்தது.
இல்லை என்று சொல்லக்கூட ஆள் வரவில்லை.
இரண்டாவது, ரயில் பணிமனையில் ஷிஃப்ட் முடியும் நேரம்,
வாசல் மூன்று, நான் ஒருவன்.
இரண்டு மணி நேரம் கண்ணாடியில் என் மூச்சையே துடைத்தேன்.
மூன்றாவதில் தம்பி மனைவி வந்து
என் பூட்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "ஏரி மேல."

கரையிலிருந்து அரை மைல்.
என் டயரையும் நம்பவில்லை, ஏரியையும் நம்பவில்லை,
நடந்தேன்.
காலடியில் பனிக்கட்டி முனகியது
தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல.
மீன்பிடிக் குடில்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றின் கதவில்
பச்சைப் பெயிண்டில் அவன் பெயர், ஊர், எல்லாம்.
பெயர் எழுதாத குடிலுக்கு அபராதம்.
மனைவிக்கு ஒளிந்தவன் அபராதத்துக்குப் பயந்திருக்கிறான்.

"திறந்துதான் இருக்கு."
கவிழ்த்த வாளி, ஹீட்டர், தரையில் வட்டத் துளை,
அதில் கறுப்புத் தண்ணீர்.
"லைல் ஸ்கோக்ஸ்டாட்?"
என் கையிலிருந்த உறையைப் பார்த்தான்.
"இதைக் கொஞ்சம் பிடி."
பதினாறு வருஷத்தில் வசவு வாங்கியிருக்கிறேன், செருப்படி,
ஒருமுறை சுடச்சுட சூப்.
தூண்டில் வாங்கியதில்லை.

மூக்குக்கண்ணாடி இல்லை போல,
தாளைக் கை நீளத்துக்கு விளக்கருகே பிடித்து
ஒவ்வொரு பக்கமாகப் படித்தான்.
நரம்பு சட்டென இழுத்தது.
"சுண்டாதே," என்றான் தலை தூக்காமல்,
"அது முழுசா விழுங்கட்டும்."
வேலை நேரத்தில், லைசன்ஸ் இல்லாமல்,
ஒன்றரை அடி வாலை மீனைப் பிடித்தேன்.
சத்தியத் தாளில் அதற்கு இடமில்லை.

"எவ்வளவு கொடுத்தா?"
சொல்வதில்லை என்றேன்.
"ஒரு போன் பண்ணியிருந்தா சும்மாவே வாங்கிட்டிருப்பேன்."
அசைந்த திரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
மீனை எடுத்துப் போகச் சொன்னான். அதையும் மறுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆர்டிஸ் வந்தாள்.
நடை நூறு, மைல் நாற்பத்திரண்டு,
காத்திருப்பு எண்பது, நோட்டரி பத்து.
இருநூற்று முப்பத்திரண்டு.
பனி மேல் நடந்ததற்கு எதுவும் போடவில்லை,
போட்டால் எந்தத் தலைப்பில் போடுவது?
சத்தியத் தாளின் நகலை வாங்கி விரல் வைத்து வாசித்தாள்.
பெற்றவர்: ஆண். முடி: நரை. உயரம்: ஆறடி.
எடை: சுமார் நூற்று அறுபது பவுண்டு.
அந்த வரியில் விரல் நின்றது.
"தப்பா எழுதிட்டீங்க. இருநூறுக்குக் கீழே இருந்ததே இல்லை."

நான் எதிரே நின்று பார்த்தது அது, என்றேன்.

அவள் தாளை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக.
ஏற்கெனவே எழுபத்தைந்து தந்தாயிற்று,
பாக்கிக்கு எட்டு இருபதுகளை வைத்துவிட்டு நின்றாள்.
மீதி மூன்று டாலரை வாங்கிக்கொண்டுதான் போனாள்.