கொருக்குப்பேட்டை கேட்டில் ஓர் ஓட்டை

ஆபீசில் யாரோ பிறந்தநாளுக்கு வாங்கிவந்த
ஆறு டோநட்டில்
எங்கள் ரெண்டு பேருக்கும் மிஞ்சியது
அட்டைப்பெட்டி.
மூடியில் ஒட்டிய சாக்லேட்டை
ஹெப்சி நகத்தால் சுரண்டித் தின்றாள்.
"இதுக்காக அண்ணாநகர்லாம் போவ முடியாது.
நம்ம பக்கமே கிடைக்குதா இல்லியா
பாத்துடலாம்" என்றாள்.

சனிக்கிழமை, அரை நாள்.
சம்பளம் வந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது.
என் ஸ்கூட்டியில் முக்கால் டேங்க் பெட்ரோல்,
அவள் கைப்பையில் ஜெலுசில்.

பெரம்பூர் பேக்கரிக்காரர்
"அது மாதிரி ஒண்ணு இருக்கு" என்று
தேங்காய் பன்னை எடுத்து வைத்தார்.
நடுவில் ஓட்டை இல்லையே?
"கடிச்சா வந்துடும்."
வந்தது.

மூலக்கடையில், செவ்வாய்க்கிழமை வருமாம்.
எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

வியாசர்பாடிப் பாலத்தடியில்
தேடலை அரைமணி ஒத்திவைத்தோம்,
தவா நிறைய பீஃப் வறுவல்.
ரெண்டாம் முறை வெங்காயம் கேட்டதற்கு
ஷர்புதீன் பாய் முறைத்தார்,
முறைத்துக்கொண்டே போட்டார்.

போன இடமெல்லாம் ஒரே யோசனைதான்:
"அதுக்கு ஒரு மெதுவடை வாங்கித் துன்னும்மா."
ஐந்து பேர் சொன்னார்கள்.
ஆறாவது ஆள் வாயைத் திறக்குமுன்
ஹெப்சி வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டாள்.

மின்ட் தெருவில்
மாட்டுக்கு வழிவிட்டு, மீன்பாடி வண்டிக்கு வழிவிட்டு,
ஒரு முழுக் கல்யாண ஊர்வலத்துக்கு வழிவிட்டு
முறுக்கு சாண்ட்விச் தின்றோம்.
பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில்
நம் பாதுஷாவுக்கு வடக்கத்தி அண்ணன்,
கட்டைவிரலால் அழுத்திய குழியோடு.
குழிதான். அடுத்த பக்கம் தெரியவில்லை.
"முயற்சி பண்ணியிருக்கான் பாவம்"
என்று ஒன்றைத் தின்றாள்.
ஆறுதல் சொல்ல இன்னொன்று.

பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ.
நூடுல்ஸும் கோஸும் பொரித்த வெங்காயமும்
புளித்தண்ணியோடு கையாலேயே பிசைந்தபடி
புண்ணியமூர்த்தி எங்கள் கதையைக் கேட்டார்.
வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினார்.
"பர்மாவுல வளையப் பலகாரம்னு ஒண்ணு.
அரிசி மாவு, மேல வெல்லப்பாகு.
என் மச்சினிச்சி சுடுவா. கொருக்குப்பேட்டை.
ஆனா காசுக்குத் தரமாட்டா."

பின்னே எதற்குத் தருவாள்?

சிலிண்டருக்குத் தந்தாள்.
புக் பண்ண ஓடிபி வராமல் மூன்று நாளாய்
விறகடுப்பில் புகைந்துகொண்டிருந்த குணவதி
"முதல்ல இதப் பாரு" என்று போனை நீட்டினாள்.
இன்பாக்ஸ் நிறைந்து வழிந்தது.
லோன் வேணுமா, லோன் வேணுமா,
வாழ்த்துகள் நீங்கள் வென்றுவிட்டீர்கள்.
நாநூறு மெசேஜை அழித்தேன்.
நம்பர் வந்து விழுந்தது.
எண்ணெயிலிருந்து கண்ணெடுக்காமல்
நாலு வளையத்தை வாழையிலையில் கட்டி
"சூடு ஆறக் கூடாது, ஓடு" என்றாள்.

ஓடினோம்.
ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

எங்களுக்கு முன்னால் தண்ணி லாரி,
பின்னால் ரெண்டு ஆட்டோ, ஒரு ஆம்லெட் வண்டி,
துறைமுகத்துக் காற்றில் கரியும் மீனும்.
வண்டியின் மேலேயே பொட்டலத்தைப் பிரித்தோம்.
மேலே மொறுமொறு, உள்ளே இழுவை,
பாகு முழங்கை வரை போனது.
"இது டோநட்டா?" என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை,
மூன்றாவதில் இருந்தாள்.

நாலாவது வளையத்தைக் கண்ணருகே பிடித்து
அதன் வழியே கூட்ஸ் வண்டியை எண்ணத் தொடங்கினாள்.
கன்டெய்னர், கன்டெய்னர், நிலக்கரி,
பச்சை, துரு, துரு,
பத்தொன்பது, இருபது.
ஆட்டோக்காரரும் சேர்ந்து எண்ணினார்.
முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் இடையில்
அவருக்கும் அவளுக்கும் தகராறு.

நாற்பத்திரெண்டாவது பெட்டியில்
எண்ணிக்கை நின்றது.
திரும்பிப் பார்த்தேன்.
ஹெப்சி ஓட்டையைத் தின்றுவிட்டிருந்தாள்.

ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது.