கழிவு

மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
முதலில் ஐகான் நாலு பிக்சல் அகலமாம்.
அடுத்தது தனியுரிமைக் கொள்கை:
மண்டபத்தில், ஐஸ் பிளான்ட் மாடியில்
நானும் கிளாட்வினும் ராவெல்லாம் எழுதினோம்
யார் நம்பரையும் யாருக்கும் விற்க மாட்டோமென்று.

இந்த முறை ஒரே வரி.
கூட்டலில் பிழை. எடை நூறு, பில்லில் தொண்ணூற்றேழு.

பிழையில்லை ஐயா, கழிவு.
நண்டுக் கூடையில் ஐஸ்தண்ணி, பாசி, ஒடிந்த கால்.
நூற்றுக்கு மூன்று.
கம்பெனி சொன்னது, நாங்கள் நிரலில் எழுதியது.

ஏன் மூன்று என்று கேட்டு
மறுநாளே பதில் வந்தது.

கிளாட்வின் அவன் மச்சானுக்குப் போன் போட்டான்.
மச்சான் ஏலக்காரரிடம் கேட்டான்.
ஏலக்காரர் சிரித்தாராம்.

சாயங்காலம் வடக்குக் கடற்கரையில்
ஒரு கூடையைச் சாய்த்து, வடியவிட்டு,
உதிர்ந்த கால்களையும் பொறுக்கி
நிறுத்துப் பார்த்தோம்.
ஒன்றேகால் கிலோ.
கிளாட்வின் தராசைத் துடைத்துவிட்டு
மறுபடி நிறுத்தான்.
அதே ஒன்றேகால்.

கழிவு: பயனரே மாற்றலாம், காரணம் கட்டாயம்
என்று ஒரு கட்டம் சேர்த்து அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை ஏற்றுக்கொண்டார்கள்.
பெரிய கம்பெனிகள் மென்பொருள் வாங்கும் சந்தையில்
சம்பளப் பட்டியலுக்கும் சரக்குக் கணக்குக்கும் நடுவே
எங்கள் நீலக்கால் நண்டு,
ஒரு நட்சத்திரமும் இல்லாமல்.

மண்டபம் கம்பெனி மட்டும்
இன்னும் அப்டேட் செய்யவில்லை.