பெயிண்ட் கழிவு

காலி செய்யும் நாளில்
நாகரத்னம்மா டார்ச் அடித்து
சுவரைப் பார்க்கிறார்.
கம்மனஹள்ளி, மூன்றாம் மாடி,
பத்து மாத அட்வான்ஸ்.

"ஒந்து, எரடு, மூரு."
மூன்றாவது ஆணி நான் அடித்ததல்ல.
வந்த அன்றே இருந்தது.
என் சட்டை தொங்கியது, அவ்வளவுதான்.

பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை
கழித்துக்கொள்வாராம்.

ஆணியைப் பிடுங்கினேன்.
உதிர்ந்த சில்லில்
வெள்ளைக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே ரோஸ்,
அதற்கும் அடியில் ஏதோ நீலம்.
எனக்கு முன் இருந்தவர்கள்
ஆளுக்கொரு மாதம்
விட்டுப் போயிருக்கிறார்கள்.

இத்தனை பூச்சில்
அறை கொஞ்சம் உள்வாங்கியிருக்கும்.
கட்டில் கதவில் இடித்தது
அதனால்தானோ என்னவோ.

கீழே டெம்போ ஹாரன்.
புரோக்கர் படியேறி வருகிறான்.
பின்னால் ஒரு பையன்,
சுவரைத் தடவிக்கொண்டே கேட்கிறான்:
"புதுசா அடிச்சுத் தருவாங்களா?"