நாற்பதுக்கு ஒன்று

செக்காலை ரோட்டு ஷோரூமில் ஃபோர் ஸ்ட்ரோக்.
பட்டனைத் தொட்டால் போதும்,
முனகலோடு விழித்துக்கொள்கிறது.
கோட்டையூரில் அடைக்கலத்தின் கொட்டகையில் டூ ஸ்ட்ரோக்.
பதினோராவது உதையில்தான் பேசியது,
அதுவும் கெட்ட வார்த்தை.

இரண்டையும் வறண்ட கண்மாயில் ஓட்டிப் பார்த்தேன்.
புதுசு
சொன்ன பேச்சு கேட்டு மடைமேட்டில் ஏறி இறங்கியது.
கையை விட்டால் தானே தணிகிறது.
பழசு பாதி மேடுவரை சும்மா இருந்து
சட்டென்று ஞாபகம் வந்தாற்போல் கிளம்பியது.
நான் கருவேல முள்ளில் கிடந்தேன்.
அது செம்மண்ணில் சாய்ந்தபடி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"பெட்ரோல் நாற்பதுக்கு ஆயில் ஒன்று.
மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்,"
என்றார் அடைக்கலம், என் முழங்கை முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.
"மற்றபடி சாது."

சிகப்பி சொன்னாள்:
"நம்மூரில் ஒரு வீட்டுக்கு இரண்டு தெரு.
முன்வாசலில் கிளப்பினால் பின்தெருவில் கதவு திறப்பார்கள்.
இதை வாங்கி எங்கே போகப் போகிறாய்?"
எங்கும் இல்லை.
கண்மாய்க்குள்தான் சுற்றுவேன், மழை வரும்வரை.

ஷோரூம்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார்.
தவணை, வட்டி, இலவச ஹெல்மெட்.
நான் குளியலறையில்
இருமல் மருந்து மூடியால் தண்ணீரை அளந்துகொண்டிருக்கிறேன்.
நாற்பது, ஒன்று.
நாற்பது, ஒன்று.
கை நடுங்குகிறதா என்று பார்க்க.