பதினொன்றாம் பக்கம்

மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன்.
"பாதம் மரத்துப்போகிறதா?
அறுபதைத் தாண்டியவரா?
இருபத்துநான்கு வாரம். பெட்ரோல் செலவு தரப்படும்."
அடியில் வால் வாலாகப் பன்னிரண்டு துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் என் எண்.
மூன்று வாரத்தில் ஒரு வால்தான் குறைந்தது.
அதிலும் யாரோ சூயிங்கம்மை மடித்து
அங்கேயே கூடையில் போட்டிருந்தார்கள்.

ஃபார்கோவில் ஜனவரி.
உறைந்துவிடாமல் இருக்க
கார் எஞ்சினுக்கும் மின்சாரம் கொடுத்துத் தூங்கவைக்கும் ஊர்.
படைவீரர் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
மேசை போட்டு உட்கார்ந்தேன்.
பேனாக்கள் தீர்ந்துபோயின.
படிவங்கள் அப்படியே இருந்தன.
கடன் கொடுத்தவளைக் கண்டதுபோல்
காபி இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆர்லன் ஹௌகன் வந்தது ஒரு செவ்வாய்.
சர்க்கரைக்கிழங்கு விளைவித்த கைகள்.
"கால் இருக்கிறதா என்று
குனிந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்" என்றார்.
ஒப்புதல் படிவம் பத்தொன்பது பக்கம்.
எல்லாரும் கடைசிப் பக்கத்தை மட்டும் கேட்பார்கள்,
எங்கே போட வேண்டும் என்று.
இவர் கண்ணாடியைத் துடைத்தார்.
முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

பதினொன்றில் விரல் நின்றது.
நான் மின்னஞ்சல் மூன்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்,
விரல் அங்கேயே இருந்தது.

எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.
காரணம் சொல்லத் தேவையில்லை.
அதனால் உங்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

"இது நிஜமா?"
நிஜம்தான்.
"எழுதித் தருவீர்களா?"
எழுதித்தானே இருக்கிறது, மிஸ்டர் ஹௌகன்.

அவர் சிரிக்கவில்லை.
மாத்திரையை யார் தேர்ந்தெடுப்பது என்று கேட்டார்.
கணினி, என்றேன். குலுக்கல் மாதிரி.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு.
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
மாதிரிக் குப்பியை முன்னால் வைத்தேன்.
நீலக் குளிகைகள்.

அதைத் தொடாமல் பார்த்தார்.
"அறுபத்தொன்பது டிசம்பர்.
கண்ணாடிச் சாடி நிறைய இதே நீலம்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிறந்த நாள்.
டிவியில் எடுத்து எடுத்துப் பிரித்தார்கள்.
அம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
என் தேதி வந்தபோது
காலர் கருகியது.
லைல் சான்ட்விக் காரணம் சொல்லிப் பார்த்தான்,
நல்ல காரணம்தான்.
அவர்களிடம் அதற்குக் கட்டம் இல்லை."

பிறகு கையெழுத்துப் போட்டார்,
என் பேனாவை வாங்காமல், தன் பேனாவால்.

ஒவ்வொரு வருகையிலும்
ஊசிமுனையால் கட்டைவிரலைத் தொடுவேன்.
கண்ணை மூடியபடி
"இல்லை" என்பார். "இல்லை." "இல்லை."
பத்தாம் வாரம், "ம்" என்றார்.
மருந்தா மாவா என்று கேட்கவில்லை.
நானும் எதையும் முகத்தில் காட்டவில்லை,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பதினான்காம் வாரம் தொலைபேசி.
"விலகிக்கொள்கிறேன்."
வலி ஏதாவது? வாந்தி? வண்டி பழுதா?
"ஒன்றுமில்லை."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"சும்மா," என்றார்.
அந்தச் சொல்லை
ஒரு மிட்டாய்போல் வாயில் புரட்டிச் சொன்னார்.

கணினி விடவில்லை.
விலகிய காரணம்: பக்கவிளைவு, இடமாற்றம், மரணம், பிற.
பிற என்றேன்.
விவரிக்கவும் என்றது.
வெற்றிடத்தை ஏற்கவில்லை, சிவப்பாய் மின்னியது.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

எங்களுக்கு ஒரு ஆள் குறைவு.
அறிக்கையில் அது ஒரு அடிக்குறிப்பாகும்,
டாக்டர் ரெய்ன்ஹோல்ட் இரண்டு நாள் பேசமாட்டார்.
பரவாயில்லை.

போன வாரம் காபி இயந்திரத்தருகே அவரைப் பார்த்தேன்.
தூக்கம் பற்றிய வேறொரு ஆய்வின் தாளை
முழுக்க வாசித்துக்கொண்டிருந்தார்.
கையில் தடி இல்லை.
கிழித்தாரா என்று பார்க்கும் முன்
மின்தூக்கி வந்துவிட்டது.