அ.சா. 3

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
சாட்சியை மூன்று முறை கூப்பிடுவார்கள்.
தனக்கோடி, தனக்கோடி, தனக்கோடி.
மூன்றாவது கூப்பாடு முடிவதற்குள்
தூக்குச்சட்டியை பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு
கையைப் புடவையில் துடைத்தபடி
கூண்டில் ஏறி நின்றாள்.
என் திரையில் அவள் பெயர் அ.சா. 3.

அவள் சொல்வாள். அதை நீதிபதி சொல்வார்.
நீதிபதி சொல்வதை நான் அடிப்பேன்.
எல்லாம் தன்மையில் இருக்க வேண்டும், அதுதான் வழக்கம்.
நான் குடிகாட்டில் குடியிருக்கிறேன்.
நான் உப்பனாற்றில் நண்டு பிடிக்கிறேன்.
ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய நான்.
பத்தரைக்கு நான் பைக்கைப் பறிகொடுத்தவன்,
பதினொன்றேகாலுக்கு நான்
அடுத்த வீட்டுச் சண்டையை ஓட்டைவழி பார்த்தவள்.

போதகருக்குப் படிக்கப் போனவன், ஒன்றரை வருடம்.
ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று சொல்லிக்கொள்வேன்.
மிஞ்சிய கிரேக்கம் ஒரு கைவிரலுக்குள் அடங்கும்.
அதில் ஒன்று மார்த்துரியா.
ரத்தம் அந்தச் சொல்லில் பிற்பாடு கலந்தது.
முதலில் அது இவ்வளவுதான்:
ஒரு கூண்டு, ஒரு சத்தியம்,
பார்த்ததைச் சொல்ல ஒரு வாய்.

'இயேசுவின் சாட்சி' என்று பாடத்தில் வந்தது.
அவர் சொன்னதா, அவரைப் பற்றிச் சொன்னதா?
கிரேக்கம் இரண்டையும் ஒரே உருபில் முடிந்து வைத்திருந்தது.
பக்கத்தில் உட்கார்ந்திருந்த எலியாசர்
என் நோட்டின் ஓரத்தில் எழுதினான்:
அம்மாவின் நினைவு.
அம்மா நினைப்பதா, அம்மாவை நினைப்பதா?
அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டல் போனுக்கு
வராந்தா முழுக்க வரிசை.

குறுக்கு விசாரணை.
கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"மொத நாள் சாயங்காலமே
நாளைக்கு மீன் மெதக்கும்னு தெருவெல்லாம் சொன்னீங்களாமே.
ஜோசியம் பாப்பீங்களோ?"
சிரிப்பு, வாசல்வரை.
"ஜோசியம் இல்ல சார்.
தண்ணி டீத்தண்ணி மாதிரி வந்துச்சி.
நண்டெல்லாம் கரையேறி நின்னுச்சி.
பாத்தேன், சொன்னேன்.
நாளைக்கின்றது தனியா எங்கயோ இருக்குதா என்ன,
அங்கதான் நின்னுக்கினு இருந்துச்சி."

நீதிபதி கொஞ்சம் யோசித்துச் சொன்னார்,
நான் அடித்தேன்:
நான் முன்கூட்டியே கூறியது அனுமானத்தின் பேரில்.

ஒன்றரை வருடத்தில் புரியாத பாடம்
விசைப்பலகைமேல் வந்து உட்கார்ந்தது.
தீர்க்கதரிசிகளும் இதைத்தானே செய்தார்கள்,
இன்னொருவருடைய 'நான்' வாயில் ஏற
இடம்விட்டு நின்றார்கள்.
ஆனால் அவர்களுக்குத் தொண்டை எரிந்தது.
எனக்கு ஏசி ஓடுகிறது.

வாக்குமூலத்தை நானே படித்துக் காட்டினேன்.
கேட்டுக்கொண்டே இருந்தவள் கையைத் தூக்கினாள்.
"மீன்கள்னு மொட்டையா போட்டுக்கிறீங்க.
மடவை, கொடுவா, கெளுத்தி, எறா.
கொடுவா வயித்துல முட்டை இருந்துச்சி,
அதயும் சொன்னனே."
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்து, சேர் என்றார்.
நான்கு பெயர்களும் ஒரு முட்டையும்
வரிகளுக்கு நடுவே நுழைந்தன.
படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.
அவள் கையெழுத்து மெதுவாக ஏறியது,
'கோ'வின் கொம்பு கோட்டைத் தாண்டி.

பேருந்துப் படியை எண்ணி
சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு
சிதம்பரம் வண்டிக்கு ஓடினாள்.

முதுநகரில் என் வீடு,
ஆற்றிலிருந்து இரண்டு தெரு.
அந்த ராத்திரி எனக்கும் விழிப்பு வந்தது.
அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை,
அதன் அடியில் இனிப்பாக வேறொன்று.
எழுந்து ஜன்னலைச் சாத்தி
கொக்கியைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.
மணி இரண்டு பத்து.

மூன்றாவது பக்கத்தில்,
"எத்தனை மணிக்கு?" என்ற கேள்விக்கு
அவள் "தெரியாதுங்க" என்றாள்.
நான் தெரியாது என்று அடித்தேன்.
'நான்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது,
நீதிபதி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும் வரை.